டாலரன்ஸ் என்று பியூலா சொன்ன நாள்

முதலில் நினைவுக்கு வருவது ஒரு சிரிப்புச் சத்தம்.

மாலை ஐந்து மணி இருக்கும். குழித்துறையில் ஆற்றை ஒட்டி இருக்கும் என் பட்டறையில், டிரில்லிங் மிஷின் மேஜைமேல் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தோம். திரையில் கென்யா நாட்டுக்காரர் ஒருவர். பெயர் பீட்டர். அங்கே தேனீ வளர்ப்பவர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கத்தின் இன்ஜினியர். திரைக்கு முன்னால் ஸ்டூலில் என் மனைவி பியூலா. பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்திருந்தாள். பட்டறையில் ஒரு ஸ்டூல்தான் உண்டு என்பதால் நான் அவள் பின்னால் நின்றேன்.

பீட்டர் எதையோ கேட்டார். பியூலா என் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு என்னெல்லாம் கன்ஸ்ட்ரெயின்ட்னு கேக்காரு. எதெல்லாம் நம்ம கையக் கெட்டிப் போடுதுன்னு."

நான் சொல்ல ஆரம்பித்தேன். தகடு மெலிந்தால் டிரம் நெளியும், தடித்தால் இரண்டு பேர் சேர்ந்தும் தூக்க முடியாது. கரண்டு போனால் கையால் சுற்ற வசதி வேண்டும். தேன் விழுகிற இடத்தில் ஒரு சொட்டு கிரீஸ் படக்கூடாது, அதனால் பேரிங்கை எங்கே வைப்பது என்பது பெரிய தலைவலி. ஐந்து நிமிடமாவது பேசியிருப்பேன். கைகளால் காற்றில் டிரம்மையே வரைந்து காட்டினேன்.

பியூலா திரும்பி மூன்று வாக்கியம் சொன்னாள். பீட்டர் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

நான் சொன்னதில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. என்னட்டி சொன்னாய் என்று மெதுவாகக் கேட்டேன். நீங்கள் பறஞ்சதைத்தான் என்றாள்.

அப்போது நெஞ்சில் சுருக்கென்று ஒன்று தைத்தது. அது என்ன என்று அன்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது காரியம் கைமீறிப் போயிருந்தது.

தேன் எடுக்கிற டிரம்

இந்தத் தொடரைப் புதிதாக வாசிக்கிறவர்களுக்காக என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். தேன்கூட்டின் மரச்சட்டங்களிலிருந்து தேனைப் பிரித்தெடுக்கிற டிரம் செய்கிறேன். ஸ்டீல் டிரம்முக்குள் ஒரு கம்பிக் கூண்டு இருக்கும். அதில் தேன் நிறைந்த சட்டங்களைச் செருகிச் சுற்றினால், தேன் தெறித்து டிரம்மின் சுவரில் பட்டு வழிந்து, அடியில் இருக்கும் குழாய் வழியாக வரும். மெழுகு அடை உடையாமல் அப்படியே கூட்டுக்குத் திரும்பப் போகும். மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் தேன்பெட்டி வைத்திருப்பவர்களில் பலரிடம் என் டிரம் உண்டு.

பட்டறையில் என்னோடு சுயம்பு இருக்கிறான். சாமித்தோப்புக்கு அடுத்த ஊர். நெற்றியில் நாமம் இல்லாமல் ஒருநாளும் வேலைக்கு வரமாட்டான். ஸ்டீலில் ஆர்கான் வெல்டிங் வைப்பதில் இந்த வட்டாரத்தில் அவனுக்கு மிஞ்சி ஆள் இல்லை.

பியூலா ஒரு தனியார் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். சாயங்காலம் சாயா கொண்டுவந்தவள் ஒருநாள் டிரம் ஓடுவதைப் போனில் எடுத்து, இங்கிலீஷில் நாலு வரி எழுதி இணையத்தில் போட்டாள். அதைப் பார்த்துத்தான் பீட்டர் எழுதினார். மாதிரிக்கு ஒரு டிரம் அனுப்புங்கள், சரியாக இருந்தால் இன்னும் வேண்டும் என்றார்.

நான் ஐடிஐயில் ஃபிட்டர் படித்தவன். தமிழில் படித்தேன். இங்கிலீஷ் வாசித்தால் பாதி புரியும், ஒருவர் பேசினால் கால்வாசி புரியும், பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் வாரம் இரண்டு நாள் பியூலா பேசுவது, நான் பின்னால் நிற்பது என்று ஏற்பாடாயிற்று.

ஆரல்வாய்மொழிக் காற்று

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் என் புத்தி ஏன் அப்படிப் போனது என்பது விளங்காது.

கல்யாணத்துக்கு முன்னால் ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளைப் பராமரிக்கும் ஒரு கான்ட்ராக்டரிடம் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். ஆடி மாதக் காற்றில் அந்தக் கோபுரத்துக்குள் ஏணி பிடித்து ஏறுவது ஒரு தனி அனுபவம். உச்சியில் போய் நின்றால் கால் தானாக ஆடும்.

ஒரு காற்றாலையில் கியர் பெட்டி ஓயாமல் சூடேறிக்கொண்டிருந்தது. எண்ணெயை மாற்றினார்கள். பேரிங்கை மாற்றினார்கள். சூடு குறையவில்லை. நான் ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை அங்கங்கே வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டேன். சத்தம் கியர் பெட்டியில் இல்லை. அதற்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே இருந்த இணைப்பில் இருந்தது. இரண்டு தண்டும் நேர்கோட்டில் இல்லை. இதை என் மேலே இருந்த இன்ஜினியரிடம் தமிழில் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து வெளிநாட்டிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். நான் சொன்னதையெல்லாம் எங்கள் இன்ஜினியர் அழகான இங்கிலீஷில் அவரிடம் சொன்னார். வெளிநாட்டுக்காரர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் ஸ்பானர்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அந்த இன்ஜினியர் கெட்டவர் இல்லை. சாயங்காலம் எனக்குப் பரோட்டாவும் சாயாவும் வாங்கித் தந்தார். ஆனாலும் அந்தக் குலுக்கல் எனக்கு வரவேண்டியது என்ற நினைப்பு இருபது வருஷம் ஆகியும் போகவில்லை. அவர் முகமே மறந்துவிட்டது. அவர் பேசிய இங்கிலீஷின் ஏற்ற இறக்கம் மட்டும் காதில் இருக்கிறது.

என் வார்த்தை, அவள் பெயர்

பியூலா எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள். முதல் பேச்சு முடிந்த மறுநாளே பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்து, இன்ஜினியர்கள் பேசுகிற சொற்களை எழுத ஆரம்பித்தாள். அர்த்தத்தை அகராதியில் தேடவில்லை. என்னிடம் கேட்டாள்.

டிரம்மை எவ்வளவு வேகமாகச் சுற்றலாம் என்று ஒருநாள் கேட்டாள். நான் சொன்னேன்: "வேகம் கூட்டினா தேன் பெட்டெனக் கிட்டும், அடை பொடிஞ்சி போவும். கொறச்சா அடை நிக்கும், நேரம் போவும். ரெண்டும் ஒண்ணா கிட்டாது."

"இதுக்குப் பேருதான் ட்ரேட்-ஆஃப்" என்று எழுதிக்கொண்டாள்.

எத்தனையோ அடைகளை உடைத்து, திட்டு வாங்கி நான் தெரிந்துகொண்டதை அவள் ஒரு வார்த்தையில் மடக்கி நோட்டில் வைத்துவிட்டாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். என் பொருளை யாரோ எடுத்து, தன் பெயரை எழுதி வைத்தது போல இருந்தது.

பிறகு அந்தச் சொற்கள் வீட்டுக்குள் வந்தன. மீன் குழம்புக்குப் புளியா மாங்காயா என்பது ட்ரேட்-ஆஃப் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவளுடைய அக்கா வீட்டுக்கும் போய், மணவாளக்குறிச்சியில் என் அம்மாவையும் பார்த்து வருவது ஃபீசிபிள் இல்லை, ஒரே நாளில் நடக்காது என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பீட்டரைப் பற்றி என் மனதில் தப்பான எண்ணம் எதுவும் இல்லை. அவர் என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், பேரப்பிள்ளைகள் எடுத்தவர். பியூலாவை மேடம் என்று சொல்லாமல் ஒரு வாக்கியம் பேச மாட்டார். என் எரிச்சல் வேறு. நான் செய்த மிஷினைப் பற்றி, என் பட்டறையில் வைத்து, இரண்டு பேர் குஷாலாகப் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சில் எனக்கு இடம் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அது முற்றியது. பீட்டர் ஏதோ கேட்டார். பியூலா என் பக்கம் திரும்பவே இல்லை. தானாகவே பதில் சொன்னாள். இரண்டு கைகளாலும் காற்றில் ஒரு கூண்டை வரைந்து, எதிரெதிர்ப் பக்கத்தில் ஒரே எடையுள்ள சட்டங்களை வைக்க வேண்டும் என்று விளக்கினாள். அது நான் காட்டும் சைகை. அச்சு அசலாக என்னுடையது.

பேச்சு முடிந்ததும் என்ன கேட்டார் என்றேன். சொன்னாள். நீ சொன்ன பதில் சரியா என்று யாரிடம் கேட்டாய் என்றேன்.

"தப்பா?" என்று கேட்டாள்.

தப்பில்லை. அதுதான் பிரச்சினையே. நான் கிரைண்டரை ஓடவிட்டேன்.

பத்து மில்லிமீட்டர்

கென்யாவில் தேன்சட்டங்களின் அளவு நம் ஊர் அளவு இல்லை. அதனால் டிரம், தண்டு, மோட்டார் எல்லாம் இங்கிருந்து கப்பலில் போவது, உள்ளே இருக்கும் கூண்டை மட்டும் பீட்டரே அங்கே செய்துகொள்வது என்று முடிவாயிற்று. நான் கையால் வரைந்த படத்தைப் பியூலா போனில் எடுத்து அனுப்பினாள். கூண்டின் குறுக்களவை எழுதியிருந்தேன். கூண்டுக்கும் டிரம் சுவருக்கும் நடுவே ஓர் அம்புக்குறி போட்டு, பத்து என்று எழுதியிருந்தேன்.

டிரம் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது பீட்டர் அந்தப் பத்தைப் பற்றிக் கேட்டார். அது எனக்கே புரிந்தது. படத்தைத் திரையில் காட்டி, இந்த டென் என்ன என்றார்.

பியூலா குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, தெளிவான குரலில், அதுதான் டாலரன்ஸ் என்றாள்.

இதைப் படிக்கிறவர்களில் பலருக்கு இதில் என்ன குற்றம் என்று தோன்றலாம். இரண்டு பாகங்கள் ஒன்றில் ஒன்று உரசாமல் இருக்க வேண்டுமென்றே விடுகிற இடைவெளிக்கு க்ளியரன்ஸ் என்று பெயர். ஓர் அளவு இவ்வளவு கூடினாலும் குறைந்தாலும் பரவாயில்லை என்று விட்டுக்கொடுப்பதற்குப் பெயர் டாலரன்ஸ். நான் எழுதியது இடைவெளி. அவள் சொன்னதற்கு அர்த்தம், கூண்டைப் பத்து மில்லிமீட்டர் பெரிதாகச் செய்தாலும் பரவாயில்லை என்பது.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் இந்த இரண்டு சொல்லும் தெரியும். ஐடிஐயில் எங்கள் வாத்தியார் இவற்றை மாற்றிச் சொன்னவனை வகுப்பு முடியும்வரை நிற்க வைப்பார். நானே நின்றிருக்கிறேன்.

பீட்டர் புருவத்தை உயர்த்தினார். பத்தா, தாராளமாக இருக்கிறதே என்பதுபோல ஏதோ சொன்னார். பியூலா சிரித்துக்கொண்டே ஆமாம் பத்துதான் என்றாள்.

நான் அவள் பின்னால் நின்றேன். குனிந்து அவள் காதில் ஒரு சொல் சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். வாயைத் திறக்கவில்லை. அவள் நோட்டு இன்று தப்புப் பண்ணிவிட்டது என்று உள்ளே ஒரு குரல் கும்மாளம் போட்டது. நாளைக்கோ மறுநாளோ அந்த ஆளே கண்டுபிடித்துக் கேட்பார், அப்போது இவள் முகம் சுருங்கும், என் பக்கம் திரும்பிப் பார்ப்பாள், நான் நிதானமாகத் திருத்தித் தருவேன். அந்தக் காட்சியை அன்று ராத்திரிச் சாப்பாடு முடியும்வரை மனதில் ஓட்டிப் பார்த்தேன்.

பீட்டர் கேட்கவில்லை. ஒரு வாரம் போயிற்று. இரண்டு வாரம் போயிற்று. இப்போது சொன்னால் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேள்வி வருமே என்று தள்ளிப்போட்டேன். பிறகு அதை மறந்துவிட்டவன்போல எனக்கு நானே நடந்துகொண்டேன்.

ஐந்து ஏன்

மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஆற்றில் கலங்கல் வெள்ளம். பீட்டர் சொல்லாமல் கொள்ளாமல் வீடியோவில் வந்தார். அன்று அவர் சிரிக்கவில்லை. போனைத் திருப்பி டிரம்முக்குள் காட்டினார்.

பெரிய சட்டங்கள் கொள்ளட்டும் என்று, அனுமதித்த அளவு முழுவதையும் எடுத்துக்கொண்டு கூண்டைச் செய்திருக்கிறார்கள். சுவருக்கு முன்னால் பக்கத்துக்கு ஐந்து மில்லிமீட்டர்தான் மிச்சம். வெறுமனே சுற்றியபோது ஒன்றும் தெரியவில்லை. தேன் நிறைந்த சட்டங்களை ஏற்றி வேகம் பிடித்ததும் கூண்டு ஆடி, டிரம் சுவரில் அடித்திருக்கிறது. தண்டு வளைந்துவிட்டது. சுவரைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு உரசிய காயம். அடியில் தேங்கியிருந்த தேனில் ஸ்டீல் பொடி மினுங்கியது. சங்கத்துக்காரர்கள் பலர் சேர்ந்து முதல் ஓட்டத்துக்காகக் கொண்டுவந்த தேன். மூடி போட்டிருந்ததால் யாருக்கும் அடிபடவில்லை.

பியூலா படத்தை எடுத்து வைத்துக்கொண்டு பீட்டரோடு வரிவரியாகப் பேசினாள். பாதியில் அவள் குரல் நின்றது. தன் வாயிலிருந்து வந்த சொல் எது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டாள். வேறு நல்ல ஆளை வைத்துப் பேசுங்கள் என்றும் சொன்னாள். லேப்டாப்பை மூடிய பிறகு சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் எத்தனையோ நாள் மனதில் ஓட்டிப் பார்த்த காட்சி அதுதான். அது வந்தபோது என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பீட்டர் ஒரு தாள் அனுப்பியிருந்தார். தவறு நடந்தால் ஏன் என்று ஐந்து முறை கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத வேண்டும். அப்படிக் கேட்டுக்கொண்டே போனால் வேர் எதுவோ அது வெளியே வரும் என்பது அவர்கள் வழக்கம். மறுநாள் மாலை பியூலா அதை எடுத்துவைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது.

தண்டு ஏன் வளைந்தது? கூண்டு சுவரில் இடித்ததால். கூண்டு ஏன் இடித்தது? அளவு பெரிதானதால். ஏன் பெரிதாயிற்று? இடைவெளியை டாலரன்ஸ் என்று சொன்னதால். மூன்றையும் எழுதினாள். நாலாவதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள். அந்தத் தவறு ஏன் அப்போதே திருத்தப்படவில்லை?

"அந்தச் சொல்லு தப்புன்னு இங்க ஆருக்கும் தெரியாதுன்னு எழுதட்டா?" என்றாள்.

சுயம்பு தூரத்தில் தகடு வெட்டிக்கொண்டிருந்தான். சரி என்று சொல்லிவிட்டால் முடிந்தது.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

அவள் பேனாவை வைத்தாள். "எப்பம்?"

"நீ சொன்ன ஒடனே."

கோபப்படுவாள் என்று நினைத்தேன். "பின்ன என்னத்துக்கு மிண்டாம நின்னிய?" என்று மட்டும் கேட்டாள். தெரிந்தும் ஏன் பேசாமல் நின்றேன் என்பதுதான் ஐந்தாவது ஏன். அந்த இடத்தை வெறுமையாக விட்டு, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்துபோனாள்.

என்னுடைய இங்கிலீஷ்

அதன் பிறகு அவள் பட்டறைக்கு வரவில்லை. வீட்டில் சோறு வந்தது, சாயா வந்தது, கேட்டதற்குப் பதில் வந்தது. அவளாகப் பேசும் பேச்சு மட்டும் நின்றுவிட்டது. ஒரு வாரம் பொறுத்தேன். அதற்குள் பீட்டரிடமிருந்து இரண்டு தடவை அழைப்பு வந்து, எடுக்க ஆளில்லாமல் ஓய்ந்தது.

மூன்றாம் தடவை நானே எடுத்தேன்.

முதல் தடவையாக அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவருக்கு வணக்கம் சொல்லவே எனக்கு வியர்த்தது. மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததைச் சொன்னேன். டாலரன்ஸ் நோ. க்ளியரன்ஸ். மேடம் நோ மிஸ்டேக். ஐ ஹியர். ஐ நோ டெல்.

பீட்டர் நன்றாகப் புரிந்துகொண்டார். ஒய், ஏன் என்றார்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் துழாவினேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கேலி செய்யும் ஒரு சொல் அகப்பட்டது. ஜெலஸ் என்றேன்.

அவர் முகம் மாறியது. தன் நெஞ்சில் விரலை வைத்து, என் மேலா என்று கேட்டார். நோ, வைஃப், வைஃப் இங்கிலீஷ் என்றேன்.

அவர் சிரித்திருந்தால் நான் லேப்டாப்பை மூடியிருப்பேன். சிரிக்கவில்லை. எனக்காக ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் பேசினார். பத்து என்பது அதிகம் என்று தனக்கும் தோன்றியது, டிரம் வந்த பிறகு ஒருமுறை அளந்திருந்தாலே தெரிந்திருக்கும், மேடத்திடம் திரும்பக் கேட்டால் மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டேன் என்றார். பிறகு இரண்டு பேரும் பென்சிலை எடுத்தோம். அவர் வரைந்து காட்டினார், நான் வரைந்து காட்டினேன். புதுத் தண்டை நான் அனுப்புவது, கூண்டை அவர் திரும்பச் செய்வது என்று முடிவாயிற்று. அதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. பியூலா இருந்திருந்தால் பத்து நிமிட வேலை.

இரண்டு நாள் கழித்து பீட்டர் அவளுக்கு ஒரு மெயில் எழுதியிருக்கிறார். உங்கள் கணவர் எல்லாவற்றையும் என்னிடம் சொன்னார், தயவுசெய்து அவரோடு கோபமாக இருக்க வேண்டாம் என்று. நல்ல மனதோடுதான் எழுதினார்.

அன்று ராத்திரி சோறு விளம்பும்போது பியூலா கேட்டாள்: "எனக்கிட்ட பறயாத்தத அந்த மனுசங்கிட்ட பறஞ்சியளா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"நான் ஒரு வாரமா என்னத்தையெல்லாம் நெனச்சேன் தெரியுமா? என்னைய பிடிக்காமப் போச்சோன்னு நெனச்சேன்." குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள். "பொறாமைன்னா பொறாமைன்னு ஒரு வார்த்தை. தமிழ்லதான இருக்கு."

அன்று சொன்னேன். ஆரல்வாய்மொழிக் கதையையும் அன்றுதான் அவளிடம் சொன்னேன். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அதை அவள் கேட்டதில்லை. அவள் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. சோறு ஆறிப்போயிற்று என்றாள். நான் சாப்பிட்டேன்.

இந்த அத்தியாயத்தை எழுதி, வெளியிடலாமா என்று அவளிடம் கேட்டேன். வாசித்துவிட்டு, மீன் குழம்பைப் பற்றிய வரியில் மட்டும் புளியும் மாங்காயும் சேர்த்தே போடலாம் என்று குறித்துக் கொடுத்தாள். மற்றதைத் தொடவில்லை.

சுயம்பு சொன்னது

புதுக் கூண்டு இடிக்காமல் ஓடியது. பீட்டர் மேலும் ஆறு டிரம் கேட்டார். பேச்சை நானும் பியூலாவும் பங்கு போட்டுக்கொண்டோம். கடிதம் எழுதுவது அவள், வீடியோவில் பேசுவது நான். திணறும்போது பீட்டரே எனக்குச் சொல் எடுத்துத் தருவார். இப்போது பட்டறையில் இரண்டு ஸ்டூல் உண்டு. ஆனால் அவள் அதிகம் வருவதில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் ஸ்கிராப் குவியலில் கிடந்த ஒரு தகட்டுத் துண்டை எடுத்தேன். வரிசையாக ஓட்டை ஓட்டையாக விழுந்திருந்தது. ஆர்கான் டார்ச்சை ஒரே இடத்தில் அதிக நேரம் பிடித்தால் அப்படி ஆகும். சுயம்பு செய்கிற வேலை இல்லை இது. யார் செய்தது என்று கேட்டேன்.

அவன் கையிலிருந்த டார்ச்சைக் கீழே வைத்தான். "டீச்சராக்கும், அண்ணே. ஒங்ககிட்ட பறயண்டாம்னு சொல்லியிருக்காவ."

சனிக்கிழமைகளில் நான் தகடு எடுக்க நாகர்கோவிலுக்குப் போவேன். அந்த நேரத்தில் அவள் வந்து சுயம்புவிடம் வெல்டிங் படித்துக்கொண்டிருக்கிறாள். ஒன்றரை மாதமாக.

எனக்கு மறுபடியும் அதே இடத்தில் சுருக்கென்றது. இந்த முறை சுயம்புவின் மேல். என் மனைவி, என் பட்டறை, என் டார்ச், அவன் சொல்லிக்கொடுக்கிறான்.

வீட்டுக்குப் போய் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "எனக்கிட்ட கேட்டிருக்கலாம்லா?"

அவள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பேனாவை நிறுத்தாமலே சொன்னாள்: "நோட்டு நெறய எழுதி வச்சாச்சு. அதுல ஒண்ணக்கூட எனக்குக் கையால செய்யத் தெரியாது. நீங்க சும்மா நின்னு ஒரு தகட்டத் தொட்டுப் பார்த்தே கோணல் எங்கன்னு சொல்லுவிய. எனக்கு அதப் பாக்கப் பாக்க எரியும்." பிறகுதான் நிமிர்ந்தாள். "கேட்டா படிப்பிச்சித் தந்திருப்பியளா?"

ஆமாம் என்று உடனே சொல்ல வாய் எடுத்தேன். அவள் காத்திருந்தாள். அவளிடம் இனி அவசரப்பட்டு எதையும் சொல்லக்கூடாது என்று இருந்ததால் யோசித்துப் பார்த்தேன்.

"போன வருசம்னா தந்திருக்க மாட்டேன்" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை நான் நாகர்கோவிலுக்குப் போகவில்லை. சுயம்புவை அனுப்பினேன். பியூலா பழைய சுடிதாரில் வந்து, முகத்துக்கு ஷீல்டைப் போட்டுக்கொண்டாள். இரண்டு தகட்டுத் துண்டுகளைச் சேர்த்துப் பிடித்துக் கொடுத்தேன். டார்ச்சை எந்தச் சாய்வில் பிடிக்க வேண்டும், கம்பியை எப்போது ஊட்ட வேண்டும் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல, இதற்கெல்லாம் என்னிடம் சொற்கள் எவ்வளவு குறைவு என்று தெரிந்தது. "இப்பிடி", "கொஞ்சம் அங்கோட்டு", "பைய" இவ்வளவுதான். கடைசியில் அவள் கையை என் கையால் பிடித்து ஓட்டிக் காட்டினேன்.

அவள் தனியாக வைத்த முதல் வெல்டு பாம்பு போல நெளிந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள் வந்த சந்தோஷத்தை இங்கே மறைக்கப் போவதில்லை. இரண்டாவதும் நெளிந்தது.

மூன்றாவது ஏறக்குறைய நேராக வந்தது. ஷீல்டைத் தூக்கிவிட்டு, வியர்வை வழிய, எப்படி என்று என் முகத்தைப் பார்த்தாள். நான் தகட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குறை சொல்ல ஓர் இடம் தேடினேன். கிடைக்கவில்லை.

"கொள்ளாம்" என்றேன். நன்றாக இருக்கிறது என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல். அன்று அதற்குமேல் எனக்கு வாய் வரவில்லை.